பார்க்காதவளுக்காக ஒரு கூத்து

நாடகக்காரர்களுக்குக் காலி நாற்காலியைவிடப் பெரிய பயம் எதுவும் கிடையாது. வசனம் மறந்துபோனால் சமாளிக்கலாம். திரை சிக்கிக்கொண்டால் ஆள் விட்டு இழுக்கலாம். மின்சாரம் போனால் பெட்ரோமாக்ஸ் விளக்கு கொண்டுவரலாம். ஆளே வராவிட்டால் என்ன செய்வது?

பாலக்காடு மாவட்டத்தில் இந்தப் பயம் இல்லாத அரங்குகள் இருக்கின்றன. பகவதி கோயில்களுக்கு எதிரே, நீண்ட கூரையோடு, வருடத்தில் பெரும்பகுதி வெறுமனே கிடக்கும் கட்டடங்கள். கூத்துமாடம் என்று பெயர். ஷொர்ணூர், ஒற்றப்பாலம் வட்டாரத்தில் இவற்றைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் நெல் கிடங்கு என்றோ கோயில் சாமான் போடும் இடம் என்றோ நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அறுவடை முடிந்து, தை மாதம் தொடங்கி வைகாசி வரையிலான இரவுகளில்தான் அதற்கு உயிர் வரும். ராத்திரி சாப்பாட்டு நேரம் கழிந்து ஆரம்பிக்கும் தோல்பாவைக்கூத்து விடியும்வரை போகும். இப்படி 7 இரவு, 14 இரவு, 21 இரவு. சில கோயில்களில் 41, 71 இரவுகள்கூட உண்டு.

எதிரே திறந்தவெளியில் தொடக்கத்தில் சிலர் இருப்பார்கள். நள்ளிரவு தாண்டினால் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். கூத்து நிற்காது. பார்க்க வேண்டியவள் எதிரேதான் இருக்கிறாள். அவள் எழுந்து போகிறவள் அல்ல.

அவள் பத்ரகாளி. கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தாருகன் என்ற அசுரனைக் கொல்லச் சிவன் அவளை அனுப்பினார். அவள் தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில் இலங்கையில் ராம ராவண யுத்தம் நடந்து முடிந்துவிட்டது. திரும்பி வந்தவளுக்கு மனக்குறை. உலகமே பார்த்த யுத்தத்தைத் தான் மட்டும் பார்க்கவில்லையே என்றாள். வேலையின் நிமித்தம் வெளியூர் போய் ஊர்த் திருவிழாவைத் தவறவிட்டவரின் குறைதான் இது. சிவன் அதற்கு ஒரு வழி செய்தார்: ஆண்டுதோறும் அவள் கோயில் முன்னால் அந்தக் கதையை நிழலாக ஆடிக்காட்ட வேண்டும். அதனால்தான் மாடம் அவளுடைய சந்நிதியைப் பார்த்தபடி கட்டப்படுகிறது. ஊர் ஜனங்கள் பார்த்தால் அது உபரி.

மாடம் 42 அடி நீளம். முன்பக்கம் முழுவதும் திரை: மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் ஒரு சட்டத்தில் வரிசையாக 21 விளக்குகள். தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்குகள் அவை. நெருப்பு கருவறையிலிருந்து வரும். வெளிச்சப்பாடு அருள் வந்து ஆடி, பாவையாட்டிகளை ஆசீர்வதிப்பார். மேளம் அடங்கும். பாவைகள் திரையில் ஏறும்.

முழுக் கூத்துக்குச் சுமார் 160 பாவைகள் வேண்டும், பாத்திரங்களோ 71தான். ஒரே ராமனுக்கு உட்கார்ந்த பாவை, நிற்கும் பாவை, நடக்கும் பாவை, வில்லேந்திய பாவை என்று பல உருவங்கள் இருப்பதுதான் காரணம். அந்தக் காலத்தில் தெய்வப் பாத்திரங்களை மான் தோலில் செய்வார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் தோல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய், இப்போது பெரும்பாலும் ஆட்டுத் தோல். தோலைக் காயவைத்து, மயிர் நீக்கி, உருவம் வரைந்து, உளியால் நூற்றுக்கணக்கில் துளையிடுகிறார்கள். நகையும் உடையும் முகபாவமும் அந்தத் துளைகளின் வழியே வரும் வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. எண்ணெய் விளக்கின் சுடர் காற்றில் அசையும்போது, திரையில் முள் குத்தி நிறுத்திவைத்த பாவைகூட மூச்சுவிடுவதுபோல இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களைத் தூக்கிவாரிப்போடும் விஷயம் இனிமேல்தான். திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும் பாட்டு தமிழ். வெறும் தமிழ்கூட அல்ல, கம்பன். கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களிலிருந்து தேர்ந்தெடுத்து, நாட்டார் கதைகளையும் சேர்த்துக் கோத்ததுதான் ‘ஆடற்பாட்டு’ எனப்படும் கூத்துப் பனுவல். பாட்டு தமிழில், விளக்கம் மலையாளம் கலந்த தமிழில். தலைமுறை தலைமுறையாக அப்பாவிடமிருந்தும் குருவிடமிருந்தும் மனப்பாடமாகக் கற்று வந்ததால் உச்சரிப்பில் மலையாள மணம் ஏறியிருக்கும். கூத்தில் தேர்ந்தவருக்குக் கொடுக்கப்படும் பட்டமும் ‘புலவர்’ என்பதுதான். வெறுமனே பாவையை அசைப்பவருக்கு அது கிடைக்காது. பாட்டுக்குப் பொருள் சொல்ல வேண்டும், பொருளுக்குள் இருக்கும் புராணத்தைப் பிரிக்க வேண்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் சக கலைஞர் மடக்கினால் விடை சொல்ல வேண்டும்.

கம்பன் மலை தாண்டி இங்கே வந்தது ஆச்சரியமில்லை. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த வாசல். நெசவும் வணிகமும் வேதமும் அந்த வழியாகத்தான் போய் வந்தன. 1956 வரை பாலக்காடு சென்னை ராஜதானியின், பிறகு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இன்றைக்கும் சித்தூர்ப் பக்கம் தமிழில் பேசித்தான் சாமான் வாங்குகிறார்கள். ஆச்சரியப்பட வேண்டியது வேறொன்று. கம்பனை மேடையேற்ற இந்த ஊர் கண்டுபிடித்த காரணம்.

கூத்தைத் தொகுத்தவர் என்று பாலப்புரத்துச் சின்னத்தம்பியைச் சொல்வார்கள். அவரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை இது. ராமாயணப் பாராயணம் நடக்கும் இடத்துக்குப் போன அவரை, சாதியைக் காட்டிக் கேட்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவமானப்பட்டுத் திரும்பியவர், யார் வேண்டுமானாலும் கேட்கும்படி, பார்க்கும்படி ராமாயணத்தைக் கோயில் வெளியில் ஆடவைத்தார். ஆதாரம் கேட்டால் கிடைக்காது. ஆனால் பகவதியின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஒருத்திக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை, ஒருவருக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. இந்த அரங்கு விடுபட்டவர்களுக்காகப் பிறந்தது என்றே அதன் இரண்டு பிறப்புக் கதைகளும் சொல்கின்றன. மூன்றாவதாக விடுபட்டவர்கள் யார் என்பது 2021இல்தான் பேச்சுக்கு வந்தது.

ஆளில்லாத அரங்கில் விடியவிடிய என்ன நடக்கிறது? அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கேள்வியோடு மாடத்துக்கு உள்ளேயே போய் உட்கார்ந்தார். 1996இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே ‘நாடக வீட்டுக்குள்ளே’ என்ற பொருள் தருவது. வெளியே பார்வையாளர் இல்லாததால் கலைஞர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. ஒருவர் பாடுகிறார், மற்றவர் கேட்கிறார். ஒருவர் ராமனாகப் பேசுகிறார், மற்றவர் வாலியாக நின்று மறைந்திருந்து அம்பு எய்தது எந்த தர்மம் என்று கேட்கிறார். கூத்து மெல்ல மெல்ல பட்டிமன்றமாகிறது, சில சமயம் பாடசாலையாகிறது. கைதட்டல் எதிர்பார்க்க முடியாத இடத்தில் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

தமிழ்நாட்டுத் தோல்பாவை நிழல்கூத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, டிக்கெட் வாங்கி நடத்திய கூத்து அது. கூட்டம் கலைந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதனால்தான் அங்கே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமனைவிட அதிக நேரம் திரையில் இருந்தார்கள். சினிமா வந்தது, பின்னாலேயே டி.வி. வந்தது. கூட்டம் போனது, கூடாரமும் போனது. பாலக்காட்டில் சினிமாவும் டி.வி.யும் வரவில்லையா? வந்தன. மைதானத்தில் இருந்த ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் எதிரே இருந்த ஒரே ரசிகை போகவில்லை. ஆகவே கூத்தும் போகவில்லை. கலை பிழைப்பதற்கு ஜனரஞ்சகம்தான் வழி என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிழைத்தது கூத்து. கூத்துக்காரர் பிழைத்தாரா என்பது தனிக் கேள்வி. இந்த அரங்குக்குக் கட்டணச் சீட்டு கிடையாது. வழிபாட்டு நேர்ச்சையாக ஒவ்வொரு இரவின் செலவையும் யாராவது ஏற்பார்கள். குழந்தை பிறக்க வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும், நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள். கூத்தின் தொடக்கத்தில் பிராமணப் பாவைகள் வந்து நேர்ந்துகொண்டவர்களின் பெயரைச் சொல்லி வாழ்த்தும். இந்த அரங்கில் எதிர்பார்ப்பு என்றால் அதுதான். கதையில் அடுத்து என்ன என்று யாரும் காத்திருப்பதில்லை. ராவணன் சாவான் என்பது தெரிந்ததே. தன் பெயர் திரைக்குப் பின்னாலிருந்து ஒலிக்கும் இரவுக்காகத்தான் வருடம் முழுவதும் காத்திருக்கிறார்கள். பெயர் ஒலித்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. வேண்டுதல் நிறைவேறியாகிவிட்டது. வருடத்தில் சில மாதங்கள் மட்டும் கிடைக்கும் இந்த வருமானத்தை நம்பி அடுத்த தலைமுறை கம்பனை மனப்பாடம் செய்யுமா?

ஷொர்ணூர் அருகே கூனத்தறை கிராமத்தைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கேள்வியை மற்றவர்களுக்கு முன்பே கேட்டுக்கொண்டவர். பாவைகளை மாடத்திலிருந்து வெளியே எடுத்து வந்து பொது மேடையில், மனிதர்கள் பார்க்க ஆடிக்காட்டினார். கோயில் சொத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்ற முணுமுணுப்பு எழக்கூடிய காலம் அது. 21 இரவுக் கதையை ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. பொருள் விளக்கத்தைக் குறைத்து, சண்டையையும் மாயமானையும் அனுமனையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. முள் குத்தி நிறுத்திய பாவைகள் நகர வேண்டியதாயிற்று. மாடத்துக்குள் பகவதிக்குக் கூத்து, வெளியே மனிதருக்குக் கூத்து என்று இரண்டு தண்டவாளம் அப்போதுதான் போடப்பட்டது.

2000இல் அவர் மறைந்த பிறகு மகன் ராமச்சந்திரப் புலவர் அந்த இரண்டாவது தண்டவாளத்தை நீட்டினார். காந்தியின் வாழ்க்கை பாவைக்கூத்தானது. வேறு பல புதிய கதைகளும் தோலில் துளையாக விழுந்தன. பாவைகள் விழிப்புணர்வுப் பிரச்சாரம் செய்தன. 2020இல் கேரள உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஓட்டுக்கூடக் கேட்டன. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய மகன் ராஜீவ் புலவரின் முயற்சியோடு, திருச்சூரைச் சேர்ந்த ஒரு ரோபோ நிறுவனம் பாவைகளை ஆட்டும் இயந்திரத்தைத் தயாரித்துப் பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காக இயக்கிக் காட்டியது. வேடிக்கைதான். பார்வையாளர் இல்லாமல் ஆடும் கலைஞர்கள் ஒரு பக்கம், கலைஞர் இல்லாமல் ஆடும் பாவைகளைப் பார்க்கும் பார்வையாளர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மாவட்டத்தில்.

ரோபோவுக்குக் கிடைத்த விளம்பரத்தில் அந்த ஆண்டின் இன்னொரு புதுமைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கொஞ்சம் குறைந்துபோனது. இயந்திரத்தைவிட ஆயிரம் மடங்கு பெரிய புதுமை அது. ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதாவின் தலைமையில், முழுக்கப் பெண்களே ஆட்டும் ‘பெண் பாவைக்கூத்து’.

பெண்களுக்கு இந்தக் கலை புதிதில்லை. தோலைப் பதப்படுத்துவதிலும் பாவை செய்வதிலும் புலவர் வீட்டுப் பெண்களின் கை எப்போதும் உண்டு. பாட்டு காதில் விழுந்தபடியேதான் சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். ஆனால் மரபுப்படி கூத்துமாடத்துக்குள் பாவை பிடிப்பவர் ஆண். பெண்ணின் உடலைக் குறித்த பழைய தீட்டு விதிகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. யோசித்துப் பார்த்தால் இதைவிட முரண்பாடு இருக்க முடியாது. கூத்து நடப்பது ஒரு பெண்ணுக்காக, அவள் ஒரு யுத்தத்தைப் பார்க்கவில்லை என்ற குறையைத் தீர்க்க. அவளும் சும்மா இருந்ததால் தவறவிட்டவள் இல்லை, தன் யுத்தத்தைத் தானே நடத்திக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்டவளுக்குக் கதை சொல்ல அவளுடைய இனத்தில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. சின்னத்தம்பிக்குப் பிறகு, கதைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மூன்றாவது தரப்பு திரைக்குப் பின்னாலேயே, பாவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு, பல தலைமுறைகளாக இருந்திருக்கிறது.

பெண் பாவைக்கூத்து கோயில் மாடத்தில் பிறக்கவில்லை, பொது மேடையில்தான் பிறந்தது. இது முக்கியமான வித்தியாசம். மாடத்தில் ஆடும் கூத்து தோற்க முடியாது. பகவதி குறை சொல்ல மாட்டாள், விமர்சனம் எழுத மாட்டாள், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போக மாட்டாள். புதிய கூத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கதை தெரியாதவர்கள். ராமன் வரமாட்டான் என்று மட்டும் தெரிந்தவர்கள். ஆகவே அங்கே வேறு வகையான காத்திருப்பு. பெண்கள் பிடித்தால் பாவை எப்படி அசையும், யார் குரல் வரும், என்ன கதை வரும்? விளக்கு ஏற்றப்படுவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள் இந்தக் கலைக்கே புதியவை. வழிபாட்டுக் கூத்தில் இல்லாத ஒன்று, சந்தேகம், முதன்முதலாக அரங்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் புது நாடகத்துக்கும் முதல் மூலதனம் அதுதான்.

திரையில் வந்தது இன்றைய பெண். பாகுபாடும் வன்முறையும் அவளைத் துரத்துகின்றன. அவள் அவற்றைத் தாண்டி நிமிர்கிறாள். கிரீடமும் ஆரமும் இல்லாத சாதாரணப் பெண்ணுக்குத் தோலில் உருவம் கொடுப்பது சுலபமான காரியம் இல்லை. பழைய பாவைகளின் அழகில் பாதி நகைகளில் இருக்கிறது. துளை அதிகமானால்தான் வெளிச்சம் அதிகம். புடவை கட்டிய பெண்ணுக்கு எங்கே துளையிடுவது? நிழலுக்கு இன்னொரு குணமும் உண்டு. பெண்ணின் மேல் நடக்கும் வன்முறையைச் சினிமா காட்டும்போது காமிரா தேவைக்கு மேல் பார்த்துவிடுகிறது. நிழல் அப்படிச் செய்வதில்லை. ஒரு பெரிய உருவம் ஒரு சிறிய உருவத்தின்மேல் கவிந்தால் போதும், விஷயம் விளங்கிவிடும். எவருடைய உடம்பும் காட்சிப் பொருள் ஆகாது. இந்தக் கதைக்கு இந்த வடிவம் பொருத்தம்தான்.

அதற்காகப் பாராட்டோடு மட்டும் நிறுத்திவிடுவது கூத்துக்குச் செய்யும் நியாயம் ஆகாது. விழிப்புணர்வு நாடகங்களுக்கு என்றே ஒரு நோய் உண்டு. கடைசிக் காட்சி என்ன என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அரசுத் துறையின் சுவரொட்டிக்கும் மேடைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். இந்த ஆபத்து பாவைகளுக்கும் உண்டு. இரண்டாவது கவலை மொழியைப் பற்றியது. பார்க்க வந்தவர்களுக்குப் புரிய வேண்டும் என்றால் மலையாளத்தில்தான் சொல்ல வேண்டும், நியாயமே. ஆனால் மாடத்தில் எவருக்கும் முழுக்கப் புரியாவிட்டாலும் தமிழ்ப் பாட்டு தொடர்ந்தது, ஏனென்றால் புரிய வேண்டியவளுக்குப் புரியும் என்று நம்பினார்கள். மனிதப் பார்வையாளர் வந்ததும் வாசல் வழியே முதலில் வெளியேறுவது கம்பன். சிறுபான்மை மொழி ஒன்று சந்தையை நம்பாமல் தெய்வத்தை நம்பிப் பிழைத்த அபூர்வமான உதாரணம் இது. சந்தைக்குப் போன பிறகும் அது பிழைக்குமா என்று கேட்பதற்குத் தமிழர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்கு ஏற்ற அக்கறையை இதுவரை காட்டியிருக்கிறார்களா என்பது சங்கடமான கேள்வி. கம்பன் விழாக்கள் நடக்கும் தமிழ்நாட்டு ஊர்களில் எத்தனை மேடைகள் ஒரு பாலக்காட்டுப் புலவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடச் சொல்லியிருக்கும்?

விடை கூத்தின் பழைய பனுவலுக்குள்ளேயே இருக்கலாம். கம்பனில் இல்லாத ஒரு கதையை இந்தப் பாவையாட்டிகள் சேர்த்திருக்கிறார்கள்: சூர்ப்பனகையின் மகன் சம்புகுமாரனின் கதை. அவன் காட்டில் தவம் செய்துகொண்டிருக்கிறான். லட்சுமணன் கை பட்டு, அறியாமல்தான், இறந்துபோகிறான். கம்பனின் சூர்ப்பனகை ஆசையோடு பஞ்சவடிக்கு வருகிறாள். பாலக்காட்டின் சூர்ப்பனகைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் பிணம் கிடக்கிறது. அதற்குப் பிறகு அவள் மூக்கு அறுபடும்போது பார்ப்பவர் சிரிக்க முடியாது. அரக்கி என்று எழுதிவைத்தவளுக்கு ஒரு தாயின் வழக்கைக் கொடுத்தது யார்? பெயர் தெரியாத ஏதோ ஒரு பழைய புலவர், ஆளில்லாத ஏதோ ஓர் இரவில். பகவதிக்கு முன்னால் ஒரு பெண்ணின் கதையை ஒருதலைப்பட்சமாகச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாரோ என்னவோ.

பெண் பாவைக்கூத்து அடுத்து எடுக்க வேண்டிய புதிய நாடகம் இந்தப் பழைய முடிச்சில் தயாராகக் கிடக்கிறது. பாவை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தமிழ் இருக்கிறது, நியாயம் கேட்கும் ஒருத்தி இருக்கிறாள். இத்தனை காலம் சூர்ப்பனகைக்கு ஆண்கள்தான் குரல் கொடுத்தார்கள். மகனைப் பறிகொடுத்த அந்தக் காட்சியை ஒரு பெண்ணின் குரல் பாடினால் அது சுவரொட்டி ஆகாது. அரசுத் துறையின் சிபாரிசும் தேவைப்படாது. மலையாளிகளும் தமிழர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு காரணம் கிடைக்கும்.

அப்படி ஒரு நாடகம் வந்து, மாடத்தின் கதவும் அதற்காகத் திறந்தால், 42 அடித் திரைக்கு எதிரே இருப்பவளுக்கும் அது புதிதாக இருக்கும். ராவணவதத்தை அவள் எத்தனையோ வருடங்களாகப் பார்த்துவிட்டாள். அவள் பார்க்காமல் விட்டது இன்னொன்று பாக்கி இருக்கிறது.